ஓரங்கட்டி வைங்க

பைக் கடைக்குள் நின்றுகொண்டு, "இத கொஞ்சம் வெயில்ல காட்டுப்பா" என்று கேட்ட மனிதர் இந்த உலகத்தில் எங்கள் மாமா ஒருத்தராகத்தான் இருப்பார். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மாமா அதற்குள் வாசலுக்குப் போய், வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். காலில் செருப்பு இல்லை. தான் வேலை பார்க்கிற பட்டுக்கடைப் பழக்கத்தில் வண்டிக் கடையிலும் செருப்பை வெளியே கழற்றி விட்டுத்தான் உள்ளே வந்திருந்தார்.

கடைக்காரர் வேறு வழியில்லாமல் அந்த எலக்ட்ரிக் பைக்கை உருட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மாமா அதை ஒரு சுற்று சுற்றினார். சீட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துக் கசக்கிப் பார்த்தார். "பின்பக்கம் காட்டு" என்றார். பின்சக்கரத்தைக் காட்டினார்கள். "அதில்லப்பா, அடிப்பக்கம். சரிகை எப்பிடி ஓடியிருக்குதுன்னு திருப்பிப் பாத்தாத்தான தெரியும்" என்றார். வண்டியைச் சாய்த்துக் காட்டினார்கள். நான் வாங்கப்போவது வண்டிதானா என்று கடைக்காரருக்கே அப்போது சந்தேகம் வந்திருக்கும்.

எல்லாம் பார்த்து முடித்ததும் அவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "நல்லா இருக்குது. ஓரங்கட்டி வைங்க. இன்னொண்ணு பாக்கலாம்."

இந்த ஒரு வாக்கியத்தால் நான் பட்ட பாட்டை எழுதினால் அவர் என்னை மன்னிப்பாரா என்று தெரியவில்லை. அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காலையில் காபி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். எதையும் தள்ளிப்போட்டே பழகிய மனிதர், அதை மட்டும் தள்ளிப்போடவில்லை.

அவர் என் மாமியாரின், அதாவது அத்தையின், அண்ணன். எனக்கும் தெருவுக்கும் மாமா. பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், "அவரா, எங்க வீட்டுக் கல்யாணப் புடவையெல்லாம் அவர் கையால எடுத்ததுதான்" என்று ஊரில் பாதிப் பேர் கிளம்பி வருவார்கள். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில், வெள்ளைத் துணி விரித்த மெத்தையின் மேல் ஆயுசு முழுக்க உட்கார்ந்து புடவை பிரித்துக் காட்டியவர். வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "பாத்துக்கினே இருந்தோம், நேரம் போயிடுச்சி" என்பார்.

பட்டுக்கடையில் ஓரங்கட்டி வைப்பதென்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு வேன் நிறைய ஆள் வருவார்கள். ஒருத்திக்குப் பிடித்தது இன்னொருத்திக்குப் பிடிக்காது. கொஞ்சம் மனசுக்கு ஒட்டியதை மெத்தையின் ஓரமாக மடித்து வைத்துவிட்டு மேலே பார்ப்பார்கள். கடைசியில் எடுப்பது அந்த ஓரத்திலிருந்துதான். மாமா அந்த வேலையில் கைதேர்ந்தவர். அவர் வாடிக்கையாளரின் பேச்சைக் காதில் வாங்கவே மாட்டார். கையைப் பார்ப்பார். "கண்ணு போறது வேற, கை போறது வேற" என்பார். மணப்பெண் தேன் நிறப் புடவையைப் புகழ்ந்துகொண்டே இருப்பாளாம், கை மட்டும் கத்தரிப்பூ நிறத்தின் மேல் கிடக்குமாம். அவர் சத்தமில்லாமல் கத்தரிப்பூவை ஓரங்கட்டிவிட்டு, இன்னும் முப்பது புடவை பிரித்துப் போடுவார். அது அவருக்குக் கடையில் நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது.

வீட்டில் அது பெரிய வேதனை. எங்கள் குடும்பத்தில் மாமா பார்க்காமல் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. மாமா கை ராசி என்பது அத்தையின் நம்பிக்கை. நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் மிக்சி பழுதாகிவிட்டது. புதுசு வாங்க மாமாவோடு போனோம். நல்லா இருக்குது, ஓரங்கட்டி வைங்க. அடுத்த கடை. நல்லா இருக்குது, ஓரங்கட்டி வைங்க. இரண்டு தீபாவளிக்கு நான் அம்மியில் அரைத்தேன். என் மகள் பிறந்தபோது பேர் வைக்க எல்லோரும் கூடி உட்கார்ந்தோம். ஒவ்வொரு பேரையும் அவர் வாயால் சொல்லிப் பார்த்து, நல்லா இருக்குது என்று ஓரங்கட்டினார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற நாள்வரைக்கும் அவள் பாப்பாதான். டீச்சர் பேர் கேட்டபோது, வரிசையில் பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்தியதில் என் வீட்டுக்காரர் வாயில் வந்ததைச் சொன்னார். நல்ல வேளையாக அது நல்ல பேராக அமைந்துவிட்டது.

என் வேலையைச் சொன்னால்தான் வண்டி விஷயம் புரியும். நான் மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவள். பிறந்தது மாகறல் பக்கம். மாட்டோடு வளர்ந்தவள் என்பதால் அந்தப் பயிற்சி எடுத்துக்கொண்டேன். கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகும் மாகறலைச் சுற்றியுள்ள ஊர்கள்தான் எனக்குப் பிழைப்பு. மாடு பருவத்துக்கு வந்தால் கத்தும். கத்துகிறது என்று போன் வரும். அன்றைக்கே போயாக வேண்டும். தவறினால் மறுபடி மூன்று வாரம் மாட்டுக்காரர்கள் வெறும் தீனி போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். ஊசிக்கான விந்து அடைத்த குச்சிகள், கடுங்குளிரில் புகையும் நைட்ரஜன் கேனுக்குள் இருக்கும். அந்தக் கேனைக் குப்புறச் சாய்க்கக் கூடாது, ரொம்பவும் குலுக்கக் கூடாது. வழியோ தார் ரோடு முடிந்த பிறகு ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், செய்யாற்று மணல். என்னிடம் இருந்தது ஒரு பழைய மொபெட். மணலைக் கண்டால் படுத்துக்கொள்ளும். ஈரத்தைக் கண்டால் இருமும். அது இருமுகிற சத்தத்தில் கட்டியிருக்கிற மாடு கயிற்றை அறுக்கப் பார்க்கும்.

அதனால்தான் எலக்ட்ரிக் வண்டி என்று முடிவு செய்தேன். சத்தம் இல்லை. கியர் இல்லை. வீட்டிலேயே சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தெருவில் ஓடுகிற சின்னச் சக்கர ஸ்கூட்டர் எனக்கு உதவாது. கரடுமுரடான வழியில் போகிற வண்டி வேண்டும். செல்போனில் தேடினால் வந்ததெல்லாம் மலைமேல் ஹெல்மெட் போட்டுக்கொண்டு தாவுகிறவர்கள். நான் எதையும் தாண்ட வேண்டியதில்லை. வரப்பில் விழாமல் போனால் போதும்.

பொங்கல் முடிந்து மாட்டுப் பொங்கல் பூவெல்லாம் வாடுவதற்குள் மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். கூட்டிக்கொண்டு போகாமல் இருக்க முடியாது. வீட்டில் அப்படி ஒரு சட்டம்.

முதலில் போனது ஏனாத்தூர் போகிற ரோட்டில் இருந்த கடை. காலேஜ் பிள்ளைகள் வந்து சிவப்பு வண்டியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் என்னிடம், "ஆஃப் ரோடா மேடம்? டிரெக்கிங் போவீங்களா?" என்று கேட்டார். மாட்டுக்கிட்டே போவேன் என்றேன். அவர் யோசித்துவிட்டு மூலையிலிருந்து ஒரு வண்டியைக் காட்டினார். அழகு என்று சொல்ல முடியாது. பெரிய கம்பிச் சக்கரம், பட்டன் பட்டனாக முண்டு வைத்த டயர், முன்னால் கேன் வைக்கத் தோதாக ஒரு தட்டை இடம், தரையிலிருந்து நல்ல உயரம். பழுப்புப் பச்சை நிறம். கடைக்குப் பின்னால் வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். ஏற்றினேன். மொபெட் என்றால் இந்நேரம் இறங்கித் தள்ளியிருப்பேன். இது முனகாமல் ஏறி மறுபக்கம் இறங்கியது. திரும்பி வந்து நிறுத்திய பிறகும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

அந்த வண்டியைத்தான் மாமா வெயிலில் காட்டச் சொன்னார். அதைப் பார்த்துத்தான் நல்லா இருக்குது, ஓரங்கட்டி வைங்க என்றார்.

எனக்கு அங்கேயே எடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. "மாமா, இதே போதுமே" என்றேன். "பாத்த மொத வண்டியவா எடுப்பாங்க?" என்றார். ஏதோ நான் பெரிய அசிங்கத்தைச் சொல்லிவிட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைக்காரரோடு தனியாக ஏதோ பேசிவிட்டு வந்தார். அவர் மகள் கல்யாணப் புடவை மாமா எடுத்துக் கொடுத்ததாம், அந்தப் பழைய கதையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆரம்பித்தது ஊர்வலம். வாலாஜாபாத், செங்கல்பட்டு, சென்னை. பட்டுக்கடை லீவு விடுகிற நாள் எல்லாம் நாங்கள் வண்டி பார்த்தோம். ஒரு கடையில் மோட்டார் பின்சக்கரத்துக்குள்ளேயே இருந்தது. மணலில் ஏற்றினால் சக்கரம் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. அதை நானே வேண்டாம் என்றேன். இன்னொன்று ஓட்ட நன்றாக இருந்தது. மாமா வழக்கம்போல அடிப்பக்கம் காட்டச் சொன்னார். பேட்டரிப் பெட்டி தரைக்கு அரை ஜாணில் மெல்லிய பிளாஸ்டிக்கோடு தொங்கிக்கொண்டிருந்தது. வரப்புக் கல் ஒன்று போதும் அதை உடைக்க. அந்த ஒரு நாள் மட்டும் அவருடைய கிறுக்கு எனக்கு உதவியது. ஒத்துக்கொள்கிறேன்.

மற்ற நாளெல்லாம் வீண். "உடம்பு மெல்லிசு, பார்டர் பெருசு" என்று ஒரு வண்டியை ஒதுக்கினார். முன்சக்கரம் அகலமாக இருப்பதைத்தான் அப்படிச் சொன்னார். ஒன்றின் நீலம் வெயிலில் ஊதா அடிக்கிறது என்றார். மாடு ஊதாவைப் பார்த்து முட்டப் போகிறதா என்று கேட்டேன். "நீ தினம் பாக்கணுமேம்மா" என்றார். சென்னையில் ஒரு கடையில், மலையேறுகிற பெரிய எலக்ட்ரிக் பைக் ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதன் சீட்டில் எனக்குக் கால் எட்டவில்லை. கேனை எங்கே வைப்பது என்று கேட்டதற்கு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள் என்றார் விற்பனைக்காரர். நைட்ரஜனை முதுகில் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் விழுந்தால் என்ன ஆவேன் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கும் மாமா நல்லா இருக்குது என்றார். அதையும் ஓரங்கட்டச் சொன்னார். திரும்பி வருகிற ரயிலில் நான் அவரோடு பேசவில்லை. அவர் சுண்டல் வாங்கி என் பக்கம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன், பேசவில்லை.

ஒவ்வொரு தடவையும் நான் ஏனாத்தூர் ரோட்டு வண்டியைப் பற்றிப் பேச்செடுப்பேன். "அது எங்க போவுது, இருக்குது" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "மாமா மனசு நோகாம முடிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடிவிடுவார். ஊரில் எல்லோருக்கும் மாமா மனசு முக்கியம். என் மாடு முக்கியமில்லை.

அதற்குள் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் மோட்டார் பைக்கில் வர ஆரம்பித்திருந்தான். நல்ல உயரமான பைக். மணல், சேறு எதிலும் நிற்காது. போன் செய்தால் நான் பாதி வழி வருவதற்குள் அவன் வந்து நின்றான். சித்திரையில் ஒரு ஊர் என் கையை விட்டுப் போனது. ஆனியில் இன்னொன்று. யாரும் என்னிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. போன் வருவது நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

ஆடி பிறந்த முதல் வாரம் மாகறலுக்கு அந்தப் பக்கம் ஏரிக்கரை வீட்டு அக்காவிடமிருந்து போன். அந்த வீட்டில் இரண்டு கறவை மாடு. நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து என்னைத் தவிர வேறு யாரையும் அந்த அக்கா கூப்பிட்டதில்லை. "காலையிலேந்து கத்திக்கினு இருக்குதும்மா, சுருக்கா வா" என்றாள். முந்தின நாள் நல்ல மழை. ஏரிக்கரை வழுக்கிக்கொண்டு கிடந்தது. பாதிக் கரையில் மொபெட் பின்பக்கம் நழுவியது. நான் தப்பித்துக்கொண்டேன். கேன் சரிந்து மூடி திறந்து வெள்ளைப் புகையாகப் புல்மேல் ஓடியது. குச்சிகள் அத்தனையும் வீண். மாடுகூட இல்லாத இடத்தில் நின்று மாடு மாதிரி அழுதேன்.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு நடந்துபோய்ச் சேர்ந்தபோது, அந்த உத்திரமேரூர் ஆள் வேலையை முடித்துவிட்டுக் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். அக்கா என் புடவையில் இருந்த சேற்றைப் பார்த்தாள். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். "கோச்சுக்காதம்மா. மாடு நிக்கும், பருவம் நிக்குமா?" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது.

வீட்டுக்கு வந்தபோது மாமா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, திருப்பதிக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் நல்ல வண்டிக் கடை இருப்பதாக அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சேற்றுக் காலோடு உள்ளே போனேன். அதுவரை அவர் எதிரில் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினேன். மூன்று ஊர் போச்சு மாமா என்றேன். ஒரு வண்டி எடுக்கத் தையிலிருந்து ஆடிவரை உங்களோடு சுற்றினேன், உங்களுக்கு இது புடவை, எனக்குச் சோறு என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

மாமா துண்டை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். "ஆடியில யாராச்சும் வண்டி எடுப்பாங்களாம்மா? ஆவணி பொறக்கட்டும், இன்னொண்ணு பாத்துட்டு..." என்றார்.

அப்போதுதான் அத்தை பேசினாள். அத்தை அண்ணன் சொல்லைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. என் மாமனாரை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். கைக்குழந்தையாக இருந்த என் வீட்டுக்காரரையும் அத்தையையும் விட்டுவிட்டு எங்கேயோ போனவர், திரும்பவில்லை. அந்த வீட்டில் அவரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்.

"ஊருக்கெல்லாம் நூறு பிரிச்சுக் காட்டுற. எனக்கு மட்டும் ஒண்ணே ஒண்ணுதாண்ணா பிரிச்சுக் காட்டின."

மாமா எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார். செருப்பை மறந்துவிட்டார். அத்தை இன்னும் ரெண்டு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆடியாவது ஆவணியாவது. நீ போய் எடு" என்றாள்.

பிறகுதான் அத்தை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அவர்களுடைய அப்பா இறந்த பிறகு தங்கையின் கல்யாணம் மாமா தலையில் விழுந்தது. அப்போது அவருக்கும் சின்ன வயசு. கடைக்குப் புடவை எடுக்க வந்த ஒரு குடும்பத்தில் ஒரு பையன் பார்க்க லட்சணமாக இருந்திருக்கிறான். மாமா ஒரே பார்வையில் முடித்துவிட்டார். வேறு யாரையும் விசாரிக்கவில்லை. இன்னொன்று பார்க்கலாம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் பட்டுக்கடையில் ஆடித் தள்ளுபடி. மாமாவால் தலையைத் தூக்க முடியாத கூட்டம். நான் ஒருத்தியாகக் கிளம்பி ஏனாத்தூர் ரோட்டுக் கடைக்குப் போனேன். வண்டி இருக்காது என்றுதான் நினைத்தேன். மாதக் கணக்கில் எந்தக் கடைக்காரன் வைத்திருப்பான்? வேறு எது இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அதே மூலையில் அதே வண்டி நின்றது. கைப்பிடியில் ஒரு துணிப்பை மாட்டியிருந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த பை. மாமா வேலை பார்க்கிற பட்டுக்கடைப் பை.

"இதுங்களா? இது ஒங்களுதுதானேம்மா" என்றார் கடைக்காரர். "அன்னிக்கே மாமா ஓரங்கட்டி வைக்கச் சொல்லிட்டாரே. ரெண்டு பேர் வந்து கேட்டாங்க, குடுக்கல. அவரும் வாராவாரம் சைக்கிள்ல வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாரு."

ஏன் இதையே எடுத்து வைக்கச் சொன்னார் என்று கேட்டேன்.

"பொண்ணு வாய் பேசிக்கினு இருக்குது, கை இதும்மேலயே இருக்குதுன்னாரு."

சந்தோஷப்படுவதா, தலையில் அடித்துக்கொள்வதா? இரண்டும்தான் தோன்றியது. அடித்துக்கொள்வதுதான் கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. முதல் நாளே தெரிந்திருக்கிறது இந்த மனுஷனுக்கு. தெரிந்துகொண்டே என்னை வாலாஜாபாத்துக்கும் சென்னைக்கும் இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறார். அந்த வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று ஊர் எனக்கு மிஞ்சியிருக்கும். அதில் இரண்டு ஊர் இன்றுவரை திரும்பி வரவில்லை. அவர் மேல் எனக்குப் பாசம் உண்டு. அந்தக் கோபமும் உண்டு. இரண்டும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கின்றன.

வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்ததும் நேராகவே கேட்டேன். ஏன் மாமா சொல்லவில்லை என்றேன். அவர் வண்டியைப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டுக்குள்ளே, அத்தை விளக்கேற்றிக்கொண்டிருந்த பக்கம் பார்த்தார்.

"நீயா எடுக்கணும்மா. நான் எடுத்துக் குடுத்து அப்பால எதனா ஆச்சின்னா..." என்று ஆரம்பித்தவர், சீட்டின் மேல் படிந்திருந்த தூசியைத் துண்டால் தட்டினார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "திருப்பதிப் பக்கத்துக் கடைய ஒரு தபா பாத்திருக்கலாம்" என்றார். எனக்கு அங்கேயே வண்டியை அவர் மேல் ஏற்றிவிடலாமா என்று இருந்தது.

ஆடி முடிகிற சமயம், ஏரிக்கரை வீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது. அந்த ஆள் போட்ட ஊசியில் சினை நிற்கவில்லை. மாடு மறுபடி கத்துகிறது. அந்த ஆளுக்கும் போன் செய்திருக்கிறாள், அவன் எங்கேயோ தூரத்தில் இருக்கிறான், ஒரு மணி நேரம் ஆகுமாம். "நீ வந்துருவியா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியில் சந்தேகம் இருந்தது. போன தடவை சேற்றோடு நடந்து வந்தவள்தானே நான்.

கேனை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கடை லீவு என்பதால் மாமா வாசலில் நின்றிருந்தார். "வெயில்ல ஓடுறப்ப எப்பிடியிருக்குதுன்னு இன்னும் பாக்கல" என்றார். அவர் கேட்பது எனக்குப் புரிந்தது. ஏறுங்க என்றேன். பின்னால் ஏறி உட்கார்ந்து, முதலில் கம்பியைப் பிடித்தார். பாலாற்றுப் பாலத்தில் காற்று அடித்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

தார் ரோடு முடிந்தது. வாய்க்கால் ஓரம் ஏறினோம். டயர் மண்ணைக் கவ்விக்கொண்டு போனது. சத்தமே இல்லாததால் கொக்குகள்கூட எழும்பவில்லை. ஏரிக்கரையில் ஏறியதும் மாமா பின்னாலிருந்து வழியைப் பார்த்துவிட்டார். கரை ஒற்றையடிப் பாதையாக நீண்டது. ஒரு பக்கம் தண்ணீர். ஒரு பக்கம் சரிவு, கீழே நடவு முடிந்த கழனி. நான் மூன்று வாரத்துக்கு முன்னால் விழுந்த இடம் அங்கேயேதான் ஈரமாகக் கிடந்தது.

"ஓரங்கட்டும்மா" என்றார் மாமா. "கொஞ்சம் ஓரங்கட்டு. வேற வழி இருக்குதான்னு ஒரு தபா பாத்துடலாம்."

தூரத்தில் மாடு கத்துகிற சத்தம் கேட்டது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"ஏரிக்கரையில ஏது மாமா ஓரம்?" என்றேன்.

ஈரமான இடம் வந்தபோது தோளில் இருந்த அவருடைய கை இறுகியது. வண்டி ஒரு தடவை தலையாட்டிவிட்டுத் தாண்டிப் போனது. நான் கேனைத் தொட்டுப் பார்த்தேன், நேராகத்தான் இருந்தது. எதிரே அக்கா வாசலுக்கு வந்து, கையை நெற்றிமேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்ப்பது தெரிந்தது.

"போம்மா" என்றார் மாமா. "நேரா போ."